பழைய கதவு மேசையாகும்போது

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து கழற்றி வந்த கதவு, ஜன்னல், தூண், உத்தரம், பீங்கான் ஜாடி, எனாமல் தட்டு எல்லாம் அங்கே கிடைக்கும். பங்காளிகளுக்குள் பிரிந்து, பராமரிக்க ஆளில்லாமல் இடிக்கப்பட்ட வீடுகளின் மிச்சம் அவை. அங்கே போகிற பலருக்கும் மனத்தில் ஓர் ஆசை இருக்கும்: ஒரு கதவை வாங்கி வந்து, கால் பொருத்தி, மேலே கண்ணாடி போட்டுக் கூடத்தில் மேசையாக வைக்க வேண்டும். நல்ல ஆசைதான். கையில் தேநீரோடு உட்கார்ந்து, கதவு மேசையாகும் வழியில் என்னென்ன நடக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் அந்த மரம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வோம். அந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பர்மாவில் பெரிய அளவில் கொடுக்கல் வாங்கல் நடத்தினார்கள். அங்கே ஈட்டிய பணம் ஊரில் வீடாக எழும்பியது. அந்த வீட்டுக்கான தேக்கும் அங்கிருந்தே கப்பலேறி வந்தது. காட்டில் நின்று முற்றி வைரம் பாய்ந்த மரம். தேக்கின் வைரத்தில் இயல்பாகவே உள்ள சில வேதிப்பொருள்கள் கறையானை எளிதில் அண்டவிடுவதில்லை. மியான்மர் 2014-இல் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. ஆக, அந்தத் தரத்தில் ஒரு பலகை வேண்டுமென்றால் ஏற்கெனவே அறுத்து, செதுக்கி, ஒரு வீட்டுக்கு உழைத்து முடித்த மரத்தைத் தேடிப் போவது நியாயமான வழி. புதிதாக ஒரு மரமும் சாய வேண்டியதில்லை.

ஆனால் ஆசையாகச் செய்த மேசைகளில் பல, ஓராண்டுக்குள் கோளாறு காட்டத் தொடங்குகின்றன. நடுப்பலகையில் நீளவாக்கில் விரிசல் விழுகிறது. ஒரு மூலை தூக்கிக்கொள்கிறது. இடுக்கில் ஊற்றிய ரெசின் மரத்தைவிட்டுப் பிரிகிறது. உடனே விற்றவர்மேல் கோபம் வருகிறது: மட்டமான மரத்தைத் தலையில் கட்டிவிட்டார் என்று. பெரும்பாலும் மரம் நல்ல மரமாகத்தான் இருக்கும். பிழை வேறிடத்தில் இருக்கிறது. அது நம் எல்லோருக்கும் உள்ள ஒரு நம்பிக்கையில் இருக்கிறது.

“நூறு வருஷம் காய்ந்த மரம், இனி அது எங்கே அசையப் போகிறது?” இதுதான் அந்த நம்பிக்கை. கேட்கிற யாருக்கும் சரியென்றே தோன்றும். பச்சை மரம் சுருங்கும், வளையும். காய்ந்த மரம் அடங்கிவிடும் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறோம். அதில் பாதி உண்மை. மற்றப் பாதியைப் புரிந்துகொண்டால், மேசை ஏன் வெடிக்கிறது என்பதும், வெடிக்காமல் எப்படிச் செய்வது என்பதும் சேர்ந்தே விளங்கிவிடும்.

மரத்தின் உள்ளே போய்ப் பார்ப்போம். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய குழாய்கள் லட்சக்கணக்கில் ஒரே திசையில் நெருக்கமாக அடுக்கியிருப்பதுதான் மரம். வேரிலிருந்து கிளைக்குத் தண்ணீர் போன வழி அவை. ஈர்க்குமாற்றை நினைத்துக்கொள்ளுங்கள். மழையில் நனைந்தால் ஒவ்வொரு ஈர்க்கும் சற்றே பருக்கிறது, கட்டு இறுகுகிறது. வெயிலில் காய்ந்தால் ஈர்க்குகள் மெலிந்து, கட்டு நெகிழ்ந்து, ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு வருகின்றன. ஆனால் நனைந்தாலும் காய்ந்தாலும் மாற்றின் நீளம் மாறுவதில்லை. மரமும் இப்படித்தான். பருப்பதும் மெலிவதும் அகலத்தில். நீளத்தில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை.

மரத்துக்குள் தண்ணீர் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, குழாய்களின் உள்வெளியில் தேங்கி நிற்பது. இன்னொன்று, குழாய்களின் சுவருக்குள்ளேயே ஊறிக் கலந்திருப்பது. மரத்தை வெட்டியதும் முதலில் வெளியேறுவது தேங்கி நின்ற தண்ணீர். அது போவதால் எடை குறையும், அளவு மாறாது. மரத்தின் காய்ந்த எடையில் சுமார் 30 சதவீதம் ஈரம் மிஞ்சும் கட்டத்தில் உள்வெளி காலியாகிவிடும். அதற்குப் பிறகு சுவரில் ஊறிய ஈரம் வெளியேறத் தொடங்குகிறது. சுவர் மெலிகிறது, பலகை சுருங்குகிறது. தேங்கி நின்ற தண்ணீர், மரத்தை நனைய விடாமல் வைத்திருந்தால், திரும்பி வருவதில்லை. நம்பிக்கையின் உண்மையான பாதி இதுதான்.

மறந்துபோகிற பாதி, சுவரில் ஊறிய ஈரம். அது ஒருமுறை வெளியேறி முடிந்துவிடுகிற சமாசாரம் இல்லை. காற்றில் ஈரப்பதம் கூடினால் சுவர் அதை இழுத்துக்கொள்ளும், குறைந்தால் விட்டுவிடும். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதமாக உள்ள இடத்தில் வெகுநாள் இருந்த மரத்தில் சுமார் 15 சதவீதம் ஈரம் இருக்கும். 50 சதவீத இடத்துக்குக் கொண்டுவந்தால் மெல்ல மெல்ல இறங்கி 9 சதவீதத்தில் வந்து நிற்கும். இந்த ஏற்ற இறக்கம் மரத்தின் வயதைப் பார்ப்பதில்லை. ஐப்பசி மழையில் பாட்டன் காலத்துக் கதவு இறுகிக்கொண்டு திறக்க மறுப்பதும், சித்திரையில் அதுவே இடைவெளி விட்டு ஆடுவதும் நாம் பார்த்ததுதான். மழைத்துளி ஒன்றுகூடப் படாத உள்கதவும் இறுகுகிறது என்பதைக் கவனியுங்கள். அதற்குக் காற்று மட்டுமே போதும். மோனாலிசா ஓவியம் துணியில் வரையப்பட்டதில்லை. பாப்லர் மரப் பலகையில் வரையப்பட்டது. ஐந்நூறு ஆண்டு கடந்த பலகை. பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் இன்றைக்கும் அதை வெப்பமும் ஈரப்பதமும் மாறாமல் பார்த்துக்கொள்ளும் கண்ணாடிப் பேழைக்குள் வைத்திருக்கிறது. அந்தப் பலகை இன்னும் அசையக்கூடியது என்பதற்காகத்தான் இத்தனை ஏற்பாடு.

எவ்வளவு அசையும்? மரங்களுக்குள் தேக்கு நிதானமானது. அப்படியிருந்தும், 75 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரே தேக்குப் பலகையில் ஈரம் 5 சதவீதம் இறங்கினால், பலகையை அறுத்த விதத்தைப் பொறுத்து அகலத்தில் 4 முதல் 7 மில்லிமீட்டர் வரை சுருங்கும். திறந்த வாசலும் முற்றமுமாக இருந்த வீட்டில் நின்ற கதவை, ஏசி ஓடும் அடுக்குமாடி வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவரும்போது நாம் செய்வது ஏறத்தாழ இந்த மாற்றத்தைத்தான். ஏசி, அறையைக் குளிர்விக்கும்போதே காற்றிலுள்ள ஈரத்தையும் வடித்து வெளியே விடுகிறது. நூறு வருஷத்தில் அந்தக் கதவு சந்திக்காத வறட்சி அது.

இந்த அசைவை நிறுத்த முடியாது. பழைய ஆசாரிகளுக்கு அது தெரியும். அதனால் நிறுத்தப் பார்க்காமல் அதற்கு வழிவிட்டுச் செய்தார்கள். பலகைக் கதவு ஒன்றை எடுத்து உற்றுப் பாருங்கள். இரண்டு பக்கமும் நிமிர்ந்த சட்டங்கள். அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள். இவற்றின் முனையை ஒடுக்கிச் செதுக்கி, நிமிர்ந்த சட்டத்தில் வெட்டிய துளைக்குள் செருகி, மர ஆணியால் பூட்டியிருப்பார்கள். சட்டங்களின் உள்விளிம்பில் நீளமாக ஒரு காடி ஓடும். நடுப்பலகைகள் அந்தக் காடிக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும். பசை கிடையாது, ஆணி கிடையாது. காடியின் ஆழம் பலகைக்குத் தேவையானதைவிடச் சற்று அதிகமாக இருக்கும்.

அந்தச் சிறிய இடைவெளியில்தான் மொத்தக் கதவின் சூட்சுமமும் இருக்கிறது. பலகை பருத்தால் காடிக்குள் போகும். மெலிந்தால் வெளியே வரும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. கதவின் அகலத்தைக் குறுக்குச் சட்டங்களின் நீளம்தான் பிடித்துவைத்திருக்கிறது. மரம் நீளத்தில் மாறாதே! ஆக, வெளியளவில் அசைவது இரண்டு பக்கத்து நிமிர்ந்த சட்டங்களின் அகலம் மட்டும். ஒவ்வொன்றும் 10 சென்டிமீட்டர் என்றால், 75 சென்டிமீட்டர் கதவும் 20 சென்டிமீட்டர் மரம் அசைகிற அளவுக்கே அசையும். அதாவது ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர்.

மேசையாக்குகிறோம் என்று நாம் செய்கிற வேலைகளை இப்போது நினைத்துப் பார்ப்போம். பலகை லேசாக ஆடுகிறதே என்று காடிக்குள் மரப்பசையைச் செலுத்துகிறோம். இடுக்கில் தூசு சேருகிறதே என்று ரெசினை ஊற்றி மட்டமாக்குகிறோம். உறுதியாக இருக்கட்டும் என்று அடியில் பிளைவுட்டை வைத்துச் சுற்றிலும் திருகாணி முடுக்குகிறோம். மூன்றும் நல்ல எண்ணத்தில் செய்வதுதான். மூன்றும் பலகை நகரும் இடத்தை அடைத்துவிடுகின்றன. கோடையில் பலகை மெலியப் பார்க்கும். இரண்டு பக்கமும் பசை பிடித்திருக்கும். வேறு வழியில்லாமல் நடுவில் கிழியும். மேசை வெடிப்பது இப்படித்தான்.

இது புரிந்துவிட்டால் மற்ற வேலைகளெல்லாம் தாமாகவே ஒழுங்குக்கு வந்துவிடும். வாங்குவதிலிருந்து தொடங்குவோம். கதவைப் படுக்கவைத்து, பலகையை விரலால் அழுத்திப் பாருங்கள். லேசாக அசைந்தால் மகிழுங்கள். அது சுதந்திரமாக இருக்கிறது. விளிம்புகளில் வைரத்தைவிட வெளுத்த மரம் இருக்கிறதா என்று பாருங்கள். உளுப் பூச்சி பெரும்பாலும் அந்த வெளுத்த பகுதியைத்தான் தின்னும். குண்டூசித் தலை அளவுத் துளைகள் இருந்தாலே பயப்பட வேண்டாம். அவை என்றைக்கோ பூச்சி வெளியேறிய வழியாக இருக்கலாம். கதவைத் தட்டும்போது துளையிலிருந்து மாவுபோல் புதுத்தூள் உதிர்ந்தால், உள்ளே இன்னும் வேலை நடக்கிறது என்று பொருள். அதை விட்டுவிடுவது நல்லது. ஒரு காந்தத்தை மேலே ஓட்டி, உடைந்து உள்ளே நிற்கும் ஆணிகளைக் கண்டுபிடித்து, சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ரம்பமோ இழைப்புளியோ அதில் மோதாது.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் வேலையைத் தொடங்கிவிடத் தோன்றும். இரண்டு மூன்று வாரம் பொறுங்கள். மேசை எந்த அறையில் இருக்கப் போகிறதோ அந்த அறையிலேயே, தரையில் இரண்டு கட்டைகளை வைத்து அதன்மேல் நிறுத்துங்கள். சுவரோடு ஒட்டாமல், இரண்டு முகத்திலும் காற்றுப் படும்படி இருக்க வேண்டும். அந்த நாட்களில் மரம் புது அறையின் ஈரத்துக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். அதன் பிறகு எடுக்கிற அளவுதான் நம்பத்தகுந்த அளவு.

அடுத்தது பெயின்ட். இந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் கவனமாக இருப்போம். பழைய பெயின்டுகளில் நிறத்துக்காகவும் சீக்கிரம் உலர்வதற்காகவும் ஈயம் கலந்தார்கள். இந்தியாவில் வீட்டுப் பெயின்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்ற விதி 2016-இல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட் எதிலும் ஈயம் இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்வோம். ஈயத்தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது. எனவே பெயின்ட் பூசிய கதவை உலர்ந்தபடியே உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது. மெஷின் போடவே கூடாது. நெருப்பு காட்டியும் உரிக்கக் கூடாது. பெயின்ட் ரிமூவர் தடவி, இளகிய பின் சுரண்டி எடுக்கலாம். மிச்சத்தை ஈரத்தாளால் தேய்க்கலாம். நல்ல முகமூடி அணிந்து, வீட்டுக்கு வெளியே, பிள்ளைகள் இல்லாத நேரத்தில், கீழே பிளாஸ்டிக் விரித்துச் செய்து, உதிர்ந்ததை அதோடு சுருட்டிக் கட்டிவிட வேண்டும்.

பெயின்ட் போன பிறகு காடியின் ஓரத்தைப் பாருங்கள். பல தலைமுறை பூசிய பெயின்ட் அங்கே தடிமனாக உறைந்து, பலகையைச் சட்டத்தோடு ஒட்டியிருக்கும். மெல்லிய கத்தியால் அந்தக் கோட்டைச் சுற்றிலும் கீறிவிடுங்கள். பலகை மறுபடியும் அசையத் தொடங்கும்.

இனிக் கால்கள். இருபுறமும் ஒவ்வொரு காலாகக் கதவிலேயே திருகுவதைவிட, நான்கு கால்களையும் இணைத்துத் தனியாக ஒரு சட்டம் செய்து, அதன்மேல் கதவை உட்காரவைப்பது நல்லது. எடை நிமிர்ந்த சட்டங்களிலும் குறுக்குச் சட்டங்களிலும் இறங்க வேண்டும். நடுப்பலகை எதையும் தாங்கக் கூடாது. கதவையும் கால்சட்டத்தையும் இணைக்கும் திருகாணிகளுக்கு வட்டத் துளை போடாமல், கதவின் அகலவாக்கில் நீண்ட துளையாகப் போடச் சொல்லுங்கள். திருகாணி பிடித்துக்கொண்டிருக்கும், மரம் அதற்குள் இப்படியும் அப்படியும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நகர்ந்துகொள்ளும்.

கண்ணாடியும் அப்படியே. கண்ணாடி ஈரத்தை உறிஞ்சுவதில்லை. அது கிடந்த அளவிலேயே கிடக்கும். அசையாத ஒன்றை அசைகிற ஒன்றோடு ஒட்டிவிட்டால் சண்டைதான். கடினப்படுத்திய கண்ணாடியை, சட்டங்களின்மேல் சிறிய ரப்பர் வில்லைகள் வைத்து அதில் அமர்த்தினால் போதும். அந்த மெல்லிய இடைவெளியில் காற்று போய்வரும். செதுக்கு வேலையின் பள்ளங்களில் ஈரம் அடைபட்டுப் பூஞ்சை பூக்காது.

கடைசியாக மெருகு. வார்னிஷ் பூசிவிட்டால் மரத்துக்குள் காற்றே போகாது என்று நினைப்பதும் அந்தப் பழைய நம்பிக்கையின் தம்பிதான். எந்தப் பூச்சும் ஈரத்தைத் தாமதப்படுத்தும், தடுத்து நிறுத்தாது. மேல்முகத்துக்கு நான்கு பூச்சு அடித்து, அடிமுகத்தை வெறுமனே விட்டால், அடிப்பக்கம் வேகமாகவும் மேல்பக்கம் மெதுவாகவும் ஈரம் இழுக்கும். ஒரு பக்கம் பருக்க, மறுபக்கம் அப்படியே நிற்க, பலகை குழியும். யாரும் பார்க்காத அடிப்பக்கத்துக்கும் மேலே பூசிய அதே எண்ணிக்கையில் பூச வேண்டும். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குப் பாலிஷ், பழைய மரத்தின் நிறத்தை அழகாக எடுத்துக் காட்டும். பின்னால் பழுது பார்ப்பதும் எளிது. ஆளிவிதை எண்ணெய் தேய்ப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டால், அது காற்றோடு வினைபுரிந்து சூடேறித் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். துணியை விரித்துக் கொடியில் உலர்த்துங்கள். அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

இந்த ஒரு விதியைக் கையில் வைத்துக்கொண்டு மற்றப் பழம்பொருள்களையும் பார்க்கலாம். ஜன்னல் சட்டத்தை நிலைக்கண்ணாடிக்குச் சட்டமாக்குகிறோமா? கண்ணாடியைச் சட்டத்தின் உள்ளளவைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் சிறியதாக வெட்டச் சொல்வோம். தூணின் துண்டை விளக்குத் தண்டாக்குகிறோமா? தூணில் மேலிருந்து கீழாக ஒரு நீள விரிசல் இருக்கும். மரம் மையத்திலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைவிட, வளையத்தைச் சுற்றிச் சுமார் இரண்டு மடங்கு சுருங்குகிறது. முழு மரத் தூணில் அந்த வித்தியாசம் எங்காவது திறந்துதான் ஆக வேண்டும். அந்த விரிசலைக் கோடையில் கெட்டியான பட்டியால் நிரப்பினால், மழைக்காலத்தில் மரம் மூடிக்கொள்ள இடமிருக்காது; வேறோர் இடத்தில் புதிதாகப் பிளக்கும். அதைத் திறந்தே விட்டுவிடலாம்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நூறு ஆண்டு கடந்த கலைப்பொருள்களைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இடம் தருவதில்லை. வாங்கும் முன்பே வயதை விசாரித்துக்கொள்வது நல்லது.

இத்தனையும் நம் கையாலேயே செய்ய வேண்டும் என்பதில்லை. நல்ல ஆசாரி ஒருவரிடம் கொடுக்கலாம். கொடுக்கும்போது மாதிரிப் படத்தைக் காட்டுவதற்கு முன், ஒரு கேள்வி கேளுங்கள்: “மழைக்கும் வெயிலுக்கும் மரம் நகர்வதற்கு எங்கே இடம் விடப் போகிறீர்கள்?” அவர் கதவைப் புரட்டிப்போட்டு, காடியையும் சட்டத்தையும் விரலால் தடவிக் காட்டிப் பதில் சொன்னால், முன்பணத்தை நிம்மதியாகக் கொடுங்கள். பசை போட்டு இறுக்கிவிடலாம் என்று சொன்னால், நாம் இப்போது பேசிய அத்தனையையும் அவரோடும் ஒரு தேநீர் குடித்தபடியே பேசிப் பாருங்கள். வேலையை நேசிக்கிற எந்த ஆசாரியும் அதைக் கேட்டுக்கொள்வார். நமக்குத் தெரியாத நாலு விஷயத்தை அவரும் சொல்லுவார்.